சீனியம்மாள் பெயரில் வந்த தபால்

டில்லியில் ஒரு குளிரூட்டிய அறையில் தன்னுடைய இடது காலைப் பற்றி ஓர் இயந்திரம் ஓயாமல் யோசித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்துல் லத்தீப்புக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து மருத்துவக் கல்லூரி நூலகத்தின் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தால் போதும், அந்த அறை கண்ணுக்குள் வந்துவிடும். வெள்ளைச் சுவர். பீரோ உயரத்துக்கு இயந்திரம். அதன் நாடாச் சக்கரங்கள் மெல்லச் சுற்ற, உலகத்து மருத்துவப் பத்திரிகைகளெல்லாம் வைகை மணல் சரிவதுபோல் உள்ளே இறங்குகின்றன. இது இல்லை, இதுவும் இல்லை என்று அது ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறது. கூடவே தலையை ஆட்டி ஆட்டி நம் நூலகர் லத்தீப்பும் தூங்கிப்போவார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு தையில்தான் கல்லூரிக்கு அந்த வசதி வந்தது. எந்த நோயைப் பற்றிய கட்டுரை வேண்டுமோ, அதற்குரிய சொற்களை ஒரு படிவத்தில் எழுதி டில்லிக்கு அனுப்பிவிட வேண்டும். கம்ப்யூட்டர் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மாதாமாதம் புதிதாக வருகிறவற்றில் தானே தேடி, கிடைத்ததை அச்சடித்துத் தபாலில் போடும். ஒருமுறை கேட்டால் போதும், மறுபடி கேட்க வேண்டியதில்லை. லத்தீப்பைப் போன்ற கூச்சக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவனியாபுரத்தில் சிநேகிதர் தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தபோது தைத்த கருவேல முள்தான் ஆரம்பம். முள் போய்விட்டது, வீக்கம் போகவில்லை. பாதத்தில் சின்னச் சின்னத் துவாரங்கள் விழுந்து, கடுகுபோல் மணிமணியாகச் சீழோடு வரத் தொடங்கியது. நூலகத்துத் தடிப்புத்தகங்களில் தேடினார். வெள்ளைக்காரர்கள் அந்த நோய்க்கு இந்த ஊர்ப் பெயரையே வைத்து, மதுரைக்கால் என்று எழுதியிருந்தார்கள். பெயர் வைத்த கையோடு வைத்தியத்தையும் எழுதியிருந்தார்கள்: முற்றினால் காலை எடுத்துவிட வேண்டும்.

அன்றைக்கே புத்தகத்தை மூடி, பாட்டா கடைக்குப் போய் ஷூவும் காலுறையும் வாங்கிவிட்டார். வயசு நாற்பதை நெருங்கும்போது பாய்க்கு ஸ்டைல் வந்துவிட்டது என்று கல்லூரியில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

காஜிமார் தெரு வீட்டில் அவர் மனைவி சைனப்புக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"நாள் முழுக்க டாக்டருங்க மூஞ்சியிலதான் முழிக்கிறீங்க. ஒருத்தர்கிட்ட இந்தக் கால நீட்டினா என்னங்க?"

"நீட்டினா வெட்டிருவாங்க. வெட்ட வேணாம்னு எவனாச்சும் எழுதியிருப்பான். அந்தத் தாளு கையில வரட்டும், அதக் காட்டிப் பேசுறேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"கேட்டிருக்கேன் சைனப். அல்லா நாடினா வரும்."

கேட்டிருந்தார், ஆனால் தன் பெயரில் அல்ல. படிவம் டாக்டர்களுக்கு மட்டும்தான். யார் பெயரைப் போடுவது என்று ஒரு வாரம் யோசித்து, தோல் பிரிவு டாக்டர் சீனியம்மாள் பெயரைப் போட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நூலகத்தில் நான்கு வருஷமாகக் காலடி வைக்காதவர். களிம்பு எழுதிக் கொடுக்கிற பிரிவு, வெட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது லத்தீப்பின் கணக்கு.

மாதம் பிறந்தால் நூலகத்துக்குப் பழுப்பு உறை வரும். 'டாக்டர் சீனியம்மாள். புதிய கட்டுரை எதுவும் இல்லை.' அவ்வளவுதான். லத்தீப் அதை மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டு, அடுத்த மாதத்துக் கனவைத் தொடங்கிவிடுவார். கனவில் உறை கனமாக வரும். சில நாள் அவர் காலுறை இல்லாமல் ஆற்று மணலில் நடந்துகொண்டே அதைப் பிரிப்பார். பங்குனி போயிற்று, ஆடி போயிற்று. வீக்கத்துக்கு ஷூ பற்றாமல் கயிற்றை அவிழ்த்தே விட்டுக்கொண்டார். ஆனாலும் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது.

ஐப்பசித் தபாலில் ஒரு வரி இருந்தது. மதுரைக்கால்: அறுவை இல்லாமல் குணமான பதினான்கு பேர். லத்தீப் அதை இரண்டு தரம் படித்தார். எழுதியவர் எந்தத் தேசத்தாரோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சீனியம்மாள். மேலே, தபால் யாருக்கு என்ற இடத்தில் இருந்ததும் அதே பெயர்தான்.

தோல் பிரிவு அதே கட்டிடத்தின் இரண்டாம் மாடி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் படித்தவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, வந்துருச்சா! பத்திரிகை இன்னும் கப்பல்லதான் கெடக்கு போல. எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியுது பாய்." பிறகு மறுபடி பார்த்தார். "ஆமா, இத எம்பேர்ல கேட்டது யாரு? நான் ஒரு ஃபாரமும் எழுதலையே?"

லத்தீப் குனிந்து ஷூவையும் காலுறையையும் கழற்றினார். சீனியம்மாள் கிளாசை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உடனே எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் படம் வந்ததும் சொன்னார்.

"பயப்படாதீங்க, ஊசி மாத்திரையில பாதம் நின்னுரும். ஆனா ரெண்டு விரல்ல எலும்பு அரிச்சுப்போச்சு, அத எடுக்கணும். சித்திரையில வந்திருந்தாக்கூட அதுவும் இருந்திருக்கும். ஆமா, முந்துன மாசத்துச் சீட்டெல்லாம் எங்க?"

"டிராயர்ல இருக்கு டாக்டர். எல்லாத்துலயும் ஒண்ணுமில்லன்னுதான் போட்டிருந்துச்சு. அதான் குடுக்கல."

"அந்த ஒண்ணுமில்லாத சீட்டக் குடுத்திருந்தாப் போதுமே பாய். எம்பேர்ல இதக் கேட்டது யாருடான்னு அன்னைக்கே கீழ எறங்கி வந்திருப்பேனே."

இருபத்தாறு டாக்டர்களின் தபாலையும் வந்த அன்றே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர் லத்தீப். கட்டுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவார். பதினேழு வருஷ வேலையில் உரியவருக்குக் கொடுக்காமல் அவர் வைத்துக்கொண்டது அந்த எட்டு உறைகளைத்தான். பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு விரல்களையும் கையால் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார்.