குறைகள்: ஏதுமில்லை

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை பொதட்டூர்பேட்டையில் கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. விசைத்தறி ஓடாத நேரத்தில்தான் இந்த ஊரில் பெற்றோர் அகப்படுவார்கள். ஞானதீபம் மெட்ரிகுலேஷன் பள்ளியின் தாளாளர் சடகோபன் தம்முடைய ‘தர ஆய்வு விளக்கக் கூட்ட’த்தை அதனால்தான் அன்றைக்கு வைத்தார்.

விஜி கடைசி பெஞ்சின் ஓரத்தில், எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பையில் ஒரு கடிதம் நான்காக மடிந்து கிடந்தது. பள்ளியே டைப் அடித்துக் கொடுத்த கடிதம். ‘என் மகள் கவிப்பிரியா படிப்பில் மந்தமாக இருப்பதால், அவளை இன்னொரு வருடம் மூன்றாம் வகுப்பிலேயே வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ மூன்றாம் வகுப்பில் யாரையும் ஃபெயில் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பெற்றோர் ஆசைப்பட்டுக் கேட்டால் பள்ளி என்ன செய்யும், பாவம்? கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்றைக்குள் கொடுத்தாக வேண்டும்.

கடிதம் வந்த நாளாக அவளுக்குத் தறியில் கவனம் இல்லை. நூல் அறுந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள். கவிப்பிரியா பக்கத்துத் தெருச் சண்டையைக் குரல் மாற்றி மாற்றி ஒரு வசனம் விடாமல் நடித்துக் காட்டுவாள். அதே பெண் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரியைத் தாண்டமாட்டாள். மந்தமான குழந்தை இப்படி இருக்குமா என்று விஜி கேட்டதற்கு, இருக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். சொன்னது சாதாரணப் பள்ளியாக இருந்தால் சந்தேகப்படலாம். இதுவோ ‘ஏ’ கிரேடு பள்ளி. அந்த ‘ஏ’ எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

‘ஏ’ ஊர் முழுக்க இருந்தது. திருத்தணி சாலையில் மூன்று ஃப்ளெக்ஸ் பேனர். மூன்றிலும் ‘ஏ’யைவிடச் சடகோபன் கொஞ்சம் பெரியவர். கட்டணம் கட்டிக் கூப்பிட்டால் வந்து பார்த்துத் தரச்சான்று தருகிற ஒரு தனியார் குழு சென்னையிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போனது. சான்றிதழைத் திருத்தணி மலைக்குக் கொண்டுபோய் முருகன் காலடியில் வைத்து வாங்கி, தங்க நிற பிரேம் போட்டாகிவிட்டது. சடகோபன் கே.ஜி.கண்டிகையில் நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா கரும்பு போட்டார். இவர் பள்ளிக்கூடம் போட்டார்.

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, ‘வெளிப்படைத்தன்மை’ என்ற சொல்லை நான்கு முறை சொல்லிவிட்டு, அவர் திரையில் அறிக்கையைக் காட்டினார். இடது பக்கம் நாற்பத்தெட்டு தலைப்புகள்: கட்டடம், குடிநீர், கழிவறை, வேன், கற்பித்தல் இப்படி. வலது பக்கம் ‘குறைகள்’ என்று ஒரு கட்டம். அவருடைய கையிலிருந்த சிவப்பு வெளிச்சப் புள்ளி அந்தக் கட்டத்தின் மேலிருந்து கீழ்வரை மெதுவாக இறங்கியது. ஏதுமில்லை. ஏதுமில்லை. நாற்பத்தெட்டு முறை ஏதுமில்லை.

கைதட்டலுக்காக நிறுத்தினார். வரவில்லை. வந்தது முணுமுணுப்பு.

நெசவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் காட்டக் கூடாததை அவர் காட்டிவிட்டார். இந்த ஊரில் நெய்த லுங்கி முதலாளி வீட்டுக்குப் போனால், அங்கே மேசையில் விரித்துப் பார்க்க ஒரு ஆள் உண்டு. குறை இருக்கிற இடத்துக்கு நேரே கரையோரம் ஒரு சிவப்பு நூலை முடிந்துவைப்பார். பத்து லுங்கிக்கு நாலு முடிச்சாவது இருக்கும். முடிச்சே இல்லாமல் ஒரு கட்டு திரும்பினால் யாரும் சந்தோஷப்படமாட்டார்கள். பிரித்தே பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

“வந்தவங்க எத்தினி நாளு இருந்தாங்க சார்?” என்று கேட்டார் கோதண்டபாணி. அவர் விஜியின் அக்கா புருஷன். அவருடைய மகனும் கவிப்பிரியா வகுப்புதான்.

இரண்டு முழு நாள் என்றார் சடகோபன்.

“ரெண்டு நாளு இருந்தும் ஒண்ணுகூட கண்ணுல படலியா? அப்போ பாக்கலீங்க சார்.”

மூன்றாம் வகுப்பு ஆசிரியை துர்காவை அழைத்து விளக்கச் சொன்னார் தாளாளர். நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் எடுத்தால் ‘ஏ’, குறைகள் கட்டத்தில் ஏதுமில்லை என்று இருப்பது நல்ல விஷயம் என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் கழிவறையில் ஒரு கதவுக்குப் பொங்கலிலிருந்து தாழ்ப்பாள் இல்லை, அதுகூட எழுதவில்லையே என்றாள் ஒருத்தி. காசை வாங்கிக்கொண்டு கட்டைப் பிரிக்காமலே சீல் அடித்துவிட்டுப் போய்விட்டான்கள் என்று கோதண்டபாணி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, ஜெனரேட்டரைத் தாண்டி மேடைவரை கேட்டது.

சடகோபனுக்கு வியர்த்தது. முருகன் காலடியில் வைத்த ‘ஏ’ கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. விறுவிறுவென்று தன் அறைக்குப் போய் ஒரு பச்சை ஃபைலோடு திரும்பினார். இது முதல் தடவை வந்தபோது எழுதிய குறிப்பு, இதையெல்லாம் சரிசெய்த பிறகுதான் இறுதி அறிக்கை, உங்களுக்குக் காட்டவேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

ஒன்று, கழிவறைத் தாழ்ப்பாள். கூடத்தில் தலைகள் அசைந்தன. இரண்டு, மூன்றாம் எண் வேனின் முதலுதவிப் பெட்டியில் டிரைவருடைய சாப்பாட்டு டப்பா. “ஆங், பாத்துருக்கான்” என்றது ஒரு குரல். ஐந்து, நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது, தீயணைப்புக் கருவிக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்திருக்கிறார்கள், எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு குறைக்கும் கூடத்தில் மதிப்பு ஏறியது. நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றார் கோதண்டபாணி. தன் பள்ளியின் ஓட்டைகளை இவ்வளவு உற்சாகமாக வாசித்த தாளாளர் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அடுத்தது என்ன என்று முன்கூட்டிப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

“பதினேழு. மூன்றாம் வகுப்பில் இருபத்துநான்கு பேரில் பதினாறு பேருக்குத் தமிழில் ஒரு வரி வாசிக்க வரவில்லை. இரண்டாம் வகுப்பில் இவர்களுக்கு ஐந்து மாதம் ஆசிரியர் இல்லாதது...”

அங்கேதான் நின்றார். பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். ஃபைல் வழுக்கியது.

விஜி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“அந்தப் பதினாறு பேர்ல எம்பொண்ணு இருக்குதா சார்?”

பெயரெல்லாம் எழுதவில்லை என்றார் சடகோபன்.

“இருக்குதுங்க” என்றாள் துர்கா. இப்போது அவள் தரையைப் பார்க்கவில்லை.

“மந்தம்னு லெட்டர் குடுத்தீங்களே. ஒரு வாரமா தூக்கமில்லாம பையில வச்சிகினு சுத்தறேன். பதினாறு பேருமா மந்தம்?”

முன்வரிசையில் ஒரு பெண் தன் பையைத் திறந்தாள். அவளிடமும் ஒன்று இருந்தது. அதற்கடுத்தவளிடமும். ஒரே தெருவில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், ஒரே முதலாளிக்கு நெய்கிறவர்கள், தன் வீட்டில் மட்டும்தான் இப்படி ஒரு பிள்ளை என்று ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள். விஜி திரும்பிப் பார்த்தாள். கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்து எடுத்தது ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட கடிதம்.

“இன்னா பாவா, நீங்களுமா? எங்கிட்ட சொல்லலியே.”

“நீ சொன்னியா?” என்றார் அவர்.

மேடையிலிருந்து வழுக்கி விழுந்த ஃபைலை முன்வரிசைக்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குறைக்கு எதிரே ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தது. தேதி ஒன்பது நாள் தள்ளி. ஒன்பது நாளில் பதினாறு பேருக்கு எப்படி வாசிக்க வந்தது என்று கேட்டார்கள். சடகோபன் சுற்றிவளைத்து ஒரு விளக்கம் சொன்னார். சுருக்கம் இவ்வளவுதான்: அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிட்டால், நான்காம் வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் வாசிக்க வரும். நடக்கப்போகிறதை நடந்ததாக எழுதிவிட்டார்கள்.

விஜி மேடைக்குப் போய்க் கையெழுத்தில்லாத கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். மற்றவர்களும் வந்து வைத்தார்கள். கோதண்டபாணி சடகோபனுடைய பேனாவையே வாங்கித் தன் கையெழுத்தை அடித்தார். எல்லாப் பிள்ளைகளும் நான்காம் வகுப்புக்குப் போகும், ஆசிரியர் இல்லாமல் போன ஐந்து மாதப் பாடத்தைப் பள்ளி நடத்திக்கொடுக்கும் என்று தாளிலேயே எழுதி வாங்கினார்கள். எழுதி முடிப்பதற்குள் சடகோபன் தேறிவிட்டார். ‘வாசிப்பு மறுமலர்ச்சி இயக்கம்’ என்று பெயர் வைத்து, வெகுநாளாகத் தன் மனத்தில் இருந்த திட்டம் என்று மைக்கில் அறிவித்தார். இதற்கும் கைதட்டவில்லை.

பள்ளி வாசலில் துர்கா ஓடிவந்து விஜியைப் பிடித்தாள். திங்கட்கிழமையிலிருந்து காலை எட்டு மணிக்குக் குழந்தையைக் கொண்டுவந்து விட முடியுமா என்று கேட்டாள். எட்டு மணிக்குத்தான் விஜிக்கு நாலு தறியும் ஒன்றாக ஓடும்.

“கொண்டாந்து வுடறேன்” என்றாள். “எப்போ டீச்சர் வாசிக்கும்?”

“தெரியலீங்க. தினம் உக்காந்து பாக்கணும்.”

அந்தப் பள்ளியில் இதுவரை அவளிடம் யாரும் தெரியாது என்று சொன்னதில்லை. விஜி தலையை ஆட்டினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு ஞாயிறு முழுசாகக் கிடந்தது. அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அவசர வேலை இருக்கிறவள் போல நடந்தாள்.