மேடையில் நினைப்பது எப்படி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பூமாலை இதுவரை ஒரே ஒரு கதை எழுதியிருக்கிறாள். அது அச்சிலும் வந்துவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருத்தி புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். பக்கத்தில் பசியோடு இன்னொருத்தி. கொடுப்பதா வேண்டாமா என்று முதலாமவள் இரண்டு பக்கத்துக்கு யோசிக்கிறாள். கடைசியில் “இந்தாம்மா” என்று பாதியை நீட்டுகிறாள். அவ்வளவுதான்.

அதை நாடகமாகப் போட எடுத்துக்கொண்ட ஜீவா, அந்த இரண்டு பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டான்.

“மேடையில நெனைக்க முடியாதுக்கா. நெனைக்கிறது எவன் கண்ணுக்குத் தெரியுது?”

“அந்த ரெண்டு பக்கந்தான்டா கதையே. மத்ததெல்லாம் புளிச்சோறு.”

மைக்கில் பின்குரல் கொடுத்துப் பார்த்தான். சேலம் வண்டி புறப்படும் அறிவிப்பு மாதிரி இருந்தது. நல்ல மனசு, கெட்ட மனசு என்று இரண்டு பேரை நிறுத்தினான்; ஒத்திகையிலேயே கைகலப்பாகிவிட்டது. கடைசியில் அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டியே விட்டான். “பொட்டலத்தோட நிர்மலா சும்மா ஒக்காரும். மனசுக்குள்ள இருபது எண்ணும். அப்பறம் குடுக்கும்.”

காது குத்தக் கொடுத்த பிள்ளையைக் காதில்லாமல் திருப்பி வாங்கியதுபோல் ஆகிவிட்டது பூமாலைக்கு. நாடகம் போட மலைமேல் கரியாலூருக்குப் போன வேனில், அச்சான கதையிலிருந்து அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நிர்மலா இருபது எண்ணி முடிப்பதற்குள் மேடையேறித் தானே படித்துவிடுவது என்று முடிவு.

புரட்டாசிச் சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. மைதானம் நிறையக் கூட்டம். பசித்தவளாக நடித்த தேவிப்ரியாவுக்குப் பெருமாள் விரதம்; விளக்கு வைக்கும்வரை பல்லில் எதுவும் படக்கூடாது. ஆகவே அவள் நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிர்மலா பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் விழுங்கிய எச்சில் கடைசி வரிசைக்கே கேட்டது.

நிர்மலா எண்ணத் தொடங்கினாள். பூமாலை எழுந்தாள்.

“ஏம்மா, பாதி குடேன்,” என்றாள் முன்வரிசையில் விற்பதற்கு வெந்த மரவள்ளிக்கிழங்கோடு உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு.

“குடுத்துட்டா இதுக்கு ராத்திரிக்கு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“வூட்ல புள்ளைங்க பாத்துக்கினு இருந்தா?”

“கேக்காம குடுத்தா அது ரோசப்படாதா?”

“பசிக்கு இன்னா ரோசம்?”

பூமாலை அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய இரண்டு பக்கமும் வரிக்கு வரி கூட்டத்தின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த ரோசம் மட்டும் அவளுக்குத் தோன்றாதது. எழுதியிருக்கலாமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த அமளியில் நிர்மலாவுக்கு எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. ஒவ்வொரு தடவையும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். மனசு இருபது எண்ணும். பசியைக் கண்ட கை எண்ணுவதில்லை. சின்னப்பொண்ணு மேடையேறிக் கிழங்கை அள்ளித் தேவிப்ரியாவின் மடியில் போட்டாள். அவளைப் பார்த்து வாழைப்பழம் வந்தது, தூக்குவாளியோடு சாமைச்சோறு வந்தது.

தேவிப்ரியாவுக்கு அழுகை முட்டியது. “நான் விரதங்க. வெளக்கு வெக்காம சாப்புடக்கூடாது.”

ஜீவா தலையில் கைவைத்துக்கொண்டான்.

“அவ்ளோதானே?” சின்னப்பொண்ணு வீட்டுக்கு ஓடினாள். காமாட்சி விளக்கை ஏற்றி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு வந்து, சுள்ளென்ற மூன்றரை மணி வெயிலில் மேடை நடுவே வைத்தாள். “பெருமாளுக்கு மணி பாக்கவும் தெரியும், பசி பாக்கவும் தெரியும். சாப்புடு.”

கூட்டம் ‘கோவிந்தா’ போட்டது.

நிர்மலா அப்போதுதான் இருபதைத் தொட்டாள். புளிச்சோற்றில் சரிபாதியை ஒதுக்கி நீட்டினாள். “இந்தாம்மா.”

தேவிப்ரியா முதல் வாய் அதையே சாப்பிட்டாள். மைதானம் சிரித்துக்கொண்டே கைதட்டியது.

நாடகம் எப்போது முடிந்தது, பந்தி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. பூமாலைக்கும் ஒரு கிழங்கு வந்தது. ஏந்த இலை இல்லை. கைப்பையைத் திறந்து அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து விரித்தாள்.

“எழுத்து இருக்குதேம்மா, வேணாமா?” என்றாள் சின்னப்பொண்ணு.

“ஊரே படிச்சிட்டீங்க. வைங்கக்கா.”