முதுகில் ஒரு கருப்பு ரோஜா

திண்டிவனத்தில் ஆரி வேலை செய்யும் கலைப்பிரியா, தோழி அஸ்வினியின் நிச்சயதார்த்த ரவிக்கை முதுகில் கருப்பு மணிகளால் ஒரு ரோஜா தைத்தாள். அவள் படித்த மொழிபெயர்ப்பு நாவலில் கருப்பு ரோஜாவுக்குச் சாகாத காதல் என்று பொருள். அதைக் கேட்டதும் அஸ்வினி கண் கலங்கி, "அதையே வெச்சிடுடி" என்று சொல்லியிருந்தாள்.

மண்டபத்தில் அஸ்வினி குனிந்து கும்பிட்டபோது பின்னல் விலகி ரோஜா தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை பவுனு எழுந்தே விட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா கருப்பா? எங்க புள்ளைக்குக் கருப்புக் கொடி காட்றீங்களாடி?"

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களைப் பார்த்துத்தான் கலைப்பிரியா பயந்தாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பதறி முன்னால் ஓடினாள்.

"நான் தெச்சதுங்க அத்தை. கெட்ட அர்த்தம் இல்லீங்க. சாகாத காதல்னு அர்த்தம்."

"காதலா?" பவுனு அஸ்வினி பக்கம் திரும்பினாள். "நேத்து வரைக்கும் மாப்பிள்ளைய போட்டோவுலதான பாத்துக்கினு இருந்த? யாரு மேலம்மா காதல்?"

யாருமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கலைப்பிரியா தோழியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஸ்வினி நிமிரவே இல்லை. மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து, கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினான்.