விற்றுத் தீர்ந்த ஆல்பம்

...எண்பது கேசட்டும் போய்விட்டது என்றால் எண்பது வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று குறைத்துப் போட்டாலும் ஒரு தெருவே என் கிடாரைக் கேட்டிருக்கிறது, மெட்ராஸில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காத கேசட், தமிழில் ராக் மியூசிக்கா என்று கடைக்கடையாகச் சிரித்தார்கள், தேனியிலிருந்து மட்டும் மொக்கைச்சாமி அண்ணனின் கார்டு, சரக்கு தீர்ந்தது, அடுத்த பெட்டி அனுப்பவும்... அனுப்புவதாவது, நானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன், இதோ அவருடைய ரெக்கார்டிங் கடை ஸ்டூலில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், யாராவது வந்து நீங்கதானா அது என்று கேட்டால் என்ன முகம் வைத்துக்கொள்வது, அடக்கமாகவா, கொஞ்சம் அலட்சியமாகவா? அண்ணன் பெட்டியைப் பிரித்தார், ஒரு கேசட்டை எடுத்தார், பாட்டை யாரும் அழித்துவிடாதபடி முதுகில் விட்டிருந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துத் திணித்தார், மிஷினில் போட்டு ரெக்கார்டு பட்டனை அமுக்கினார்... எனக்குச் சட்டென்று விளங்கவில்லை, அண்ணே அது என் பாட்டு என்றேன்.

"ஒங்க பாட்டுத்தான் தம்பி. டேப்பு சொக்கத் தங்கம். வெறுங் கேசட்டே இதவிட வெல. மார்க்கையன்கோட்டையில காதுகுத்து, இதுமேல வேற பாட்டுப் புடிச்சுக் கேட்டிருக்காக."

எண்பதுமா என்று கேட்டேன், எண்பதும்தான் என்று டீ வாங்கித் தந்தார், கோபப்பட முடியவில்லை, ஜப்பான் டேப்தான் வேண்டும் என்று கம்பெனியில் அடம்பிடித்தது யார், வெறுங் கேசட்டைவிட விலையை இறக்கு, ஓடும் என்று சாமர்த்தியம் பேசியது யார்... போடியில் அப்பா ஏலக்காய் பார்க்குமுன் சாக்கைத்தான் விரலால் தேய்த்துப் பார்ப்பார், அந்தப் புத்தி, நல்ல சாக்கு கொடுத்திருக்கிறேன், ஜனங்கள் சரக்கைக் கொட்டிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டார்கள், வியாபாரத்தில் இதற்குப் பெயர் நஷ்டம்கூட இல்லை, அதுதான் வேடிக்கை... சிரிக்கத்தான் பார்த்தேன். எண்பது வீடு என்று எண்ணினேனே, ஒரு வீடுகூடவா இல்லை?

அப்போதுதான் பழனிசெட்டிபட்டி சந்தனம்மாள் வந்தாள், அண்ணன்தான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், போன வாரம் சாமி பாட்டுப் பதிந்துகொண்டு போனவளாம், கேசட்டை மேஜையில் வைத்தாள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. முடிஞ்ச பெறகு எவனோ ஒருத்தன் ஒத்தையில உக்காந்து கம்பிய இழுத்துக்கிட்டே கெடக்கான். வீட்டுக்குள்ள ஆளு இருக்காப்புல இருக்கு. அழிச்சுக் குடுங்க."

சாமி பாட்டு முன்னாலேயே முடிந்திருக்கிறது, நாடாவின் நுனியில் என் கடைசிப் பாட்டு தப்பியிருக்கிறது, டிரம்ஸ்காரன் சினிமா ரெக்கார்டிங்குக்கு ஓடிப்போன நாளில் ஸ்டுடியோவில் நான் மட்டும் வாசித்தது... அது தனிமை என்று மெட்ராஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை கேட்டீங்க என்றேன், ஏன் கேட்டேனோ. "தெனமும்தேன்," என்றாள், "எந்திரிச்சு நிறுத்தச் சோம்பல். அவுக மலைக்கு வேலைக்குப் போயிட்டாக, வீட்டுல நான் மட்டுந்தேன்." அண்ணன் அவள் கேசட்டை மிஷினில் மாற்றிப் போட்டு, ரெக்கார்டு பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், கண்ணில் ஒரு குறும்பு, உங்க சரக்கு தம்பி, நீங்களே சொல்லுங்க என்பதுபோல... நான்தான் அது என்று சொன்னால் என்ன செய்வாள், வைத்துக்கொள்வாளா, பயந்துபோவாளா? தினமும் வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், அவனைப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறாள், சோம்பல் என்றாளே, அது சோம்பல்தானா... அவளும் பட்டனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சீக்கிரம் என்று சொல்லவில்லை.