வலப்பக்கம் யாரும் போகக்கூடாது

ஆற்றில் இரண்டு கப்பல் ஒன்றாக ஓடினால் போதும், எல்லாருக்கும் மூளை கழன்றுவிடும். எங்கள் கப்பலும் அந்தச் சிவப்புப் புகைபோக்கிக் கப்பலும் ஒரே துறைக்குத்தான் போகின்றன. முதலில் போய்ச் சேருகிறவனுக்கு யாரும் மகுடம் சூட்டப் போவதில்லை. ஆனாலும் அது பக்கத்தில் வந்துவிட்டால் நம் ஆட்களுக்கு இருப்புக்கொள்ளாது. கைக்குழந்தையோடு ஓடுவார்கள், கம்பியில் தொங்கிக்கொண்டு கத்துவார்கள்.

நான் தண்ணீரை ஒட்டினாற்போல் இருக்கும் திறந்த தளத்தில் டீ விற்கிறவள். என் வீட்டுக்காரர் அதே கப்பலில் கீழே பாய்லர்காரர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சக்கரங்கள் தண்ணீரைத் தள்ளித்தான் எங்கள் கப்பல் நகரும். அவற்றைச் சுழற்றுகிற ஆவி அவர் பொறுப்பு. கீழே இருப்பவர்கள் டீ கேட்பதற்காக என் மேஜையிலிருந்து பாய்லர் அறைக்கு ஒரு பித்தளைக் குழாய் இறங்குகிறது. வீட்டில் நாங்கள் பேசியதைவிட அந்தக் குழாயில் பேசியதுதான் அதிகம்.

அன்று மதியம் சிவப்புப் புகைபோக்கி எங்கள் இடப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. ஏறக்குறைய இருநூறு பேரும் இடப்பக்கம் போய் அப்பிக்கொண்டார்கள். கப்பல் சாய்ந்தது. வலப்பக்கச் சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்து சடசடவென்று காற்றைக் கடைந்தது. என் கிளாஸ்கள் மேஜை ஓரத்துக்கு நகர்ந்தன. கப்பலைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு வந்த என் நாத்தனார் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

குழாய் கூப்பிட்டது. காதை வைத்தேன்.

"என்னங்க, எத்தனை டீ?"

"டீ இல்லடி. ஜனம் எந்தப் பக்கம் நிக்குது?"

"இடப்பக்கம். மொத்தத் தறுதலைகளும்."

"அப்படியே நிறுத்தி வை. ஒருத்தரையும் வலப்பக்கம் போக விடாதே. வலது பாய்லர் காய்ஞ்சு போச்சு."

எங்கள் கப்பலில் பாய்லர் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைக்கிறது. கப்பல் சாய்ந்தால் தண்ணீரெல்லாம் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும். உயர்ந்த பக்கத்தில் வெறும் இரும்புத் தகடு, அதன் கீழே தீ. தகடு பழுக்கும். அதுவரைகூட ஆபத்தில்லை. கப்பல் நிமிரும்போது தண்ணீர் திரும்பி வந்து அந்தத் தகட்டின்மேல் விழுமே, அப்போதுதான் எல்லாம் முடியும். இதை அவர் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். சோறு இறங்கவில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

"நடுக்குழாயை மூடுங்களேன்!"

"திருகு துரு ஏறி இறுகிக் கிடக்கு. தீயை வெளியில இழுத்துப் போடறோம். நீ மேல பார்த்துக்கோ."

கப்பல் சாய்ந்தால் எங்கள் கேப்டன் எப்போதும் ஒன்றுதான் செய்வார். தகரக் கூம்புக் குழலை வாயில் வைத்து, "எல்லாரும் வலப்பக்கம் போங்க!" என்று கத்துவார். வருஷக்கணக்காகப் பழகிப்போன வாய். நிமிர்ந்து பார்த்தேன். அவர் குழலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏய், மேலே கேப்டன்கிட்ட ஓடு!" என்று நாத்தனாரைத் தூணிலிருந்து பிய்த்தெடுத்தேன். "அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. சுக்கானைத் திருப்பக் கூடாது. வலது பாய்லர் காய்ஞ்சுடுச்சுன்னு சொல்லு, புரிஞ்சுக்குவார்."

"அண்ணி, எனக்கு ஏணின்னா..."

"உன் அண்ணன் அது முன்னாலதான் நிக்கறார்!"

அவள் ஏறிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கேப்டன் குழலை இறக்கினார். இங்கிருந்தே அவர் முகம் வெளிறியது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிவப்புப் புகைபோக்கி வேகமெடுத்து முன்னால் போய்விட்டது. வேடிக்கை முடிந்தது. இடப்பக்கத்துக் கூட்டம் கலையத் தொடங்கியது.

"ஓசி டீ!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "இடப்பக்கம் நிக்கறவங்களுக்கு மட்டும் ஓசி டீ!"

ஓசி என்றால் நம் ஆட்கள் எமன் வந்தாலும் காத்திருக்கச் சொல்வார்கள். திரும்பியவர்கள் எல்லாரும் மறுபடி வந்து மொய்த்தார்கள். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கம்பியோரமாக நடந்தேன். டீ பாதி என் புடவையில் கொட்டியது. மெதுவாக ஊற்று, மெதுவாக ஊற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே தீயை வாரும் கரண்டிகள் இரும்பில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டீ தீர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் தளத்தின் விளிம்பில் ஏறி எங்கள் பாதங்களை நனைத்தது. தகரப்பெட்டியோடு நின்ற ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, கப்பல் முழுகுது. நான் அந்தப் பக்கம் போறேன்."

அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். பொய் சொல்லிப் பார்க்க வாய் வரவில்லை.

"யாரும் அசையாதீங்க. வலது பாய்லர்ல தண்ணியில்ல, தகடு பழுத்துக் கிடக்கு. கப்பல் நிமிர்ந்தா வெடிச்சுடும். என் புருஷன் கீழ தீயை இழுத்துப் போட்டுட்டிருக்கார். அவர் சொல்ற வரைக்கும் இங்கேயே நில்லுங்க."

ஓடுவார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் ஓடவில்லை. ஒரு பெண் குழந்தையின் வாயைப் பொத்தினாள். தகரப்பெட்டிக்காரர் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் முன்பு இடம் பிடிப்பதற்கு அவரோடு கைகலக்கப் போனவர்தான். கணுக்கால்வரை தண்ணீர். அத்தனை பேர் மூச்சு விடுவதும் எனக்குக் கேட்டது.

குழாய் மறுபடி கூப்பிட்டது.

"தீயை எடுத்தாச்சு. மத்தவங்களை மேல அனுப்பிட்டேன். ஆனா இடப்பக்கம் கரி ஏத்தற கதவு வழியா ஆத்துத் தண்ணி உள்ள வருது. இன்னும் சாய்ஞ்சிருந்தா முழுகிடும். ஜனத்துல பாதியை அந்தப் பக்கம் அனுப்பு. ஒவ்வொருத்தரா."

"தகடு ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு."

"நிஜமா?"

"நிஜமாதான்டி. ஒண்ணும் ஆகாது."

"நீங்க மேல வாங்க. அப்புறம் அனுப்பறேன்."

"ஆவியைத் திறந்துவிடற கைப்பிடி தானா நிக்காது. யாராவது பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அனுப்பு."

முதலில் தகரப்பெட்டிக்காரரின் தோளைத் தொட்டேன். அவர் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது. பிறகு குழந்தைக்காரி. பிறகு ஒரு கிழவர். என் கையால் ஒவ்வொருவரையும் தொட்டு அனுப்பினேன். ஒவ்வொரு ஆளும் அந்தப் பக்கம் போகும்போது கீழே அந்தத் தகட்டின்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். இவளை அனுப்பினால் என் தாலி போகுமா, இவனை அனுப்பினால் போகுமா என்றுதான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். ஆவி வெளியேறும் சத்தம் காதைக் கிழித்தது. பிறகு அது தேய்ந்தது.

கப்பல் நிமிர்ந்து நின்றது. குழாயில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இரும்பு ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

கீழே ஒரே புகை. முழங்கால்வரை தண்ணீரில், கைப்பிடியைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்தபடி, வலது பாய்லருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். புருவம் இரண்டும் கருகியிருந்தன. பற்கள் கிட்டித்திருந்தன.

"பாதிப் பேரு போயாச்சா?"

"போயாச்சு. கப்பல் நேரா நிக்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாய்லரையே பார்த்தார்.

"அப்போ ஏன் இன்னும் வெடிக்கல?" என்றார்.

அடப்பாவி என்று அவர் முதுகில் ஓங்கி அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன். ஆவி அளக்கும் முள் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. இனி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவரால் விட முடியவில்லை. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.