காற்று நிற்கட்டும்

சவப்பெட்டி லிப்ட்டுக்குள் நுழையவில்லை. காலிப் பெட்டிதான். நேராக வைத்துப் பார்த்தார்கள், மூலைவாட்டாகச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு சாண் இடித்தது.

“நாப்பது வருஷம் லிப்ட் ரிப்பேர் பண்ணவர் அப்பா. அவர் பெட்டிக்கு லிப்ட்ல இடமில்லையாம்,” என்றான் மைத்துனன். யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

மருமகன் தலைமாட்டுப் பக்கத்தைப் பிடித்து மூன்று மாடி ஏறினான். மேலே மூச்சு வாங்க நின்றபோது அத்தை கூப்பிட்டார். ஐந்து ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே கழித்த கண்கள்.

“மாப்பிள்ளை, அவர் எடுத்த பூப்படம் ஒண்ணைப் பெருசாப் போட்டு அவர் பக்கத்துல வைக்கணும். கடைசியா எது எடுத்தாரோ அதுவே இருக்கட்டும். போட்டோக் கடைக்காரர் பத்து மணிக்குள்ள கொண்டாந்து குடுக்கச் சொல்றார்.”

“உங்க பொண்ணு பாத்து எடுக்கட்டுமே அத்தை.”

“இல்ல, நீங்கதான் எடுக்கணும். ராத்திரியெல்லாம் அடுப்பு முன்னாடி வெந்துட்டு, தூங்காம வந்து அவருக்கு வண்டி ஓட்டினீங்க. பெத்த புள்ள செய்யல.”

பெற்ற பிள்ளையான மைத்துனன் பக்கத்திலேயே நின்றிருந்தான். “நானும் ஒரு தடவை போனேனேம்மா. ஒரு செடி முன்னாடி முக்கால் மணி நேரம். நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.”

மருமகன் மாமாவின் கேமராவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அத்தையின் பாராட்டு ஈரச் சட்டைபோல உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஞாயிறு விடியற்காலையில் மாவு படிந்த செருப்போடு நேராக வந்து மாமாவை ஏற்றிக்கொள்வான். சில வாரம் வீட்டுக்குப் பின்னால் ரயில்வே வேலியோரம். சில வாரம் நாலு மணி நேரம் தள்ளி ஏதாவது மலையடிவாரம். லிப்ட் குழிக்குள்ளேயே ஆயுளைக் கழித்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு வெளிச்சத்தின்மேல் தீராத ஆசை. பூவை அவர் தொட மாட்டார். காம்பைப் பிடித்து நிறுத்த மாட்டார். முட்டி போட்டுக் காத்திருப்பார். கேட்டால், “படைச்சவனே அவசரப்படல மாப்பிள்ளை. காத்து நிக்கட்டும்,” என்பார்.

கடைசியாகப் போனது ஏரிக்கரைக்கு, மூன்று வாரம் முன்பு. கரையோரம் பேர் தெரியாத மஞ்சள் காட்டுப் பூ. மாமா இறங்கிப் போனதும் மருமகன் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது மணி ஒன்பது. அன்று பகல் ஷிப்ட்டுக்கும் வருவதாகச் சொல்லியிருந்தான். மாமா அதே பூவின் முன்னால் முட்டி போட்டிருந்தார். முன்கண்ணாடியில் எதற்கோ அவருடைய ஜாக்கெட் வேறு தொங்கியது. எரிச்சலோடு இறங்கி அதை இழுத்துப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, ஹாரனை அமுக்கிப் பிடித்தான்.

“ஒரு பூவுக்கு ரெண்டு மணி நேரமா மாமா? உங்களுக்கு வேலையில்ல, எனக்கு இருக்கு.”

மாமா முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “காத்து நிக்கல மாப்பிள்ளை. சரி, போலாம்.”

 அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டான். மூன்றாவது ஞாயிறு மாமா ஆஸ்பத்திரியில், வாயில் குழாயோடு கிடந்தார். மன்னிப்பு கேட்க வாயெடுத்த ஒவ்வொரு தடவையும் யாராவது உள்ளே வந்தார்கள்.

கட்டிலில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தான். அதே மஞ்சள் பூ. படத்தின் மூலையில் நேரம் விழுந்திருந்தது: ஏழு பத்து. இதழின் விளிம்பில் பனித்துளி. ஓர் எறும்பு, கால்களை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. அடுத்த படமும் அதே பூ. அதற்கடுத்ததும். தள்ளிக்கொண்டே போனான். நாற்பத்தொரு படம். பனித்துளி காய்ந்தது, நிழல் குறுகியது. பூ மட்டும் எந்தப் படத்திலும் அசையவில்லை.

நடுவே ஒரு படத்தில் பூ இல்லை. தூரத்தில் கார். பக்கக் கண்ணாடிக்குள் வாய் பிளந்து தூங்கும் அவன் தலை. அவன் முகத்தில் வெயில் விழாமல் முன்கண்ணாடியில் வைப்பரைத் தூக்கிச் செருகிய மாமாவின் ஜாக்கெட். எட்டு இருபது.

மருமகன் மறுபடி முதல் படத்துக்கு வந்தான். மாமாவின் வேலை ஏழு பத்துக்கே முடிந்திருந்தது.

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “கிடைச்சுதா?”

“ம்.”

“என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. அப்பாவோட ஜாக்கெட் எங்க இருக்கு?”

“வண்டியில பின்சீட்லதான் கிடக்கு. ஏன்?”

“சும்மா கேட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கேமராவோடு கீழே இறங்கினான்.

அடக்கம் முடிய மூன்று மணி ஆயிற்று. பூப்படத்தைப் பார்த்த எல்லோரும், உயிரோடு இருப்பது போலிருக்கிறது என்றார்கள். திரும்பும்போது மற்றவர்கள் வேனில் முந்திப் போய்விட, அத்தை மருமகனின் காரில் வந்தார். பாதி வழியில் அவர் தலை கண்ணாடியில் சாய்ந்தது. வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்திய பிறகும் அவர் விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவர் முகத்தில் வெயில் விழுந்தது. மருமகன் பின்சீட்டிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து, கண்ணாடியைச் சற்று இறக்கி, அதன் விளிம்பை இடுக்கில் செருகினான். இரண்டு கையாலும் தன் பக்கக் கதவைப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினான். பிறகு மதிலோரச் செடியின் முன்னால் முட்டி போட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் இறங்கி வந்தான். “அத்தான், எல்லாரும் மேல காத்துட்டிருக்காங்க. அம்மா எங்க? இங்க என்ன பண்றீங்க?”

மருமகன் கண்ணை எடுக்கவில்லை. “ஒரு படம் எடுக்கணும். காத்து நிக்கட்டும்.”

மைத்துனன் செடியைப் பார்த்தான். ஓர் இலைகூட அசையவில்லை. பிறகு காரைப் பார்த்தான். கண்ணாடியில் தொங்கிய ஜாக்கெட்டைப் பார்த்தான். மேலே போகத் திரும்பியவன் நின்று, பேண்ட்டை முழங்காலில் சற்று இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.