பெபாவின் இடுப்பில் புதுச் சாவி

பிணத்தின் இடுப்பிலிருந்து வெண்கலச் சாவிகளை அவிழ்த்தபோது கோடாவுக்குக் கை நடுங்கவில்லை. பன்னிரண்டு வருடம் இந்த நாளுக்காகக் காத்திருந்த கைக்கு என்ன நடுக்கம்?

மாமியார்க்காரி பெபா பலகையில் நீட்டிக் கிடந்தாள். உடுப்பு நழுவாமல் இரண்டு தோளிலும் ஊசி குத்தி, நடுவில் மணிச்சரம் தொங்கவிட்டு, கையருகே தக்கிளி வைத்தாயிற்று. உடுத்திவிடுவது மருமகள் வேலை; பெற்ற மகள் பிணத்தைத் தொடக் கூடாது. மகள் டுன்னே வெளியே வந்தவர்களுக்கெல்லாம் பார்லி மது ஊற்றிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள். புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். புருஷன் வீட்டு வெண்கலச் சாவியை மட்டும் இன்னும் இடுப்பில் ஆட்டிக்கொண்டு திரிவாள்.

பெட்டியையும் கொட்டிலையும் திறப்பது இரும்புச் சாவி. அது வீட்டோடு தங்கும். வெண்கலச் சாவிகள் எதையும் திறக்காது. இந்த வீட்டுக்காரி இவள்தான் என்று ஊருக்குக் காட்ட, புருஷன் வார்த்துக் கொடுப்பது அது. கட்டியவளோடு குழிக்குள் போகும். மண் தள்ளுவதற்கு முன் ஊரே குனிந்து பார்க்கும். இடுப்பில் சாவி இருந்தால் வீட்டுக்காரி. இல்லையென்றால் அந்த வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் போன யாரோ ஒருத்தி.

யாரோ ஒருத்தியாகவே போகட்டும் என்று கோடா முடிவு செய்திருந்தாள். அவளுக்கென்று புருஷன் ஹூனா புதுச் சாவிகள் வார்த்து வைத்திருந்தான். குழி மூடியதும் அவள் இடுப்பில் கட்டி, இரும்புச் சாவியையும் கையில் கொடுப்பான்.

ஒரு பிடி பார்லிக்கும் ஒரு விரல் வெண்ணெய்க்கும் பெபா அவளைக் கையேந்த வைத்தாள். அதையாவது மறந்திருக்கலாம். பிறந்த முப்பதாம் நாள் பெண் குழந்தை செத்தபோது, அதன் கழுத்தில் கட்ட ஒரே ஒரு தேன்நிற அம்பர் மணி கேட்டாள். பெபா பெட்டியைத் திறக்கவில்லை.

"மண்ணுக்குப் போற சதைக்கு மணி ஒரு கேடா?"

பிள்ளை வெறுங்கழுத்தோடு போனது. எதிர்த்துப் பேசியதற்குச் சாவிக்கொத்து கோடாவின் நெற்றிக்கு வந்தது. அதில் ஒரு சாவியின் பல் உடைந்தது. நெற்றியில் வடு இன்னும் இருக்கிறது.

"நீயும் வெறும் இடுப்போடயே போ, அத்தை" என்று பிணத்தின் காதில் சொல்லிவிட்டு, வெண்கலத்தைச் சத்தம் வராமல் துணியில் சுற்றி, உடுப்புக்குள் அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இரும்புச் சாவியை ஹூனாவிடம் கொடுத்தாள்.

குழியில் இறக்கியதும் முதலில் குனிந்தவள் டுன்னே. அழுகை சட்டென்று நின்றது.

"எங்கம்மா சாவி எங்க, அண்ணி?"

"நான் என்னத்தக் கண்டேன்? காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டே சேத்துப் பக்கம் போனாங்க. அங்க எங்கயாச்சும் விழுந்திருக்கும்."

"சேத்துல விழுந்துச்சா! தூங்கும்போதுகூட அதைக் கழட்டாதவ எங்கம்மா. இதைக் கேட்டா பன்னிகூட சிரிக்கும். பொணத்துமேல கை வச்சவளுக்கு இந்த ஊர்ல எடமில்ல, தெரியும்ல?"

"தெரியும். இத்தன பேர் முன்னாடி என்னை அவுத்துப் பாக்கப் போறியா? வா, பாரு!"

டுன்னே ஓரடி எடுத்து வைத்தாள். ஊர் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோடா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!" என்று கத்தினான் ஹூனா. "எங்கம்மா குழியில கிடக்கா. நாய்ங்க மாதிரி சண்டை போடுறீங்க."

அவன் இடுப்புப் பையை அவிழ்த்தான். புதுச் சாவிகள் வெயிலில் மின்னின. கோடா ஓரடி முன்னால் வந்தாள்.

"அது எனக்குன்னு செஞ்சதுல்ல?"

"உனக்குத்தான் செஞ்சேன். அதுக்காக எங்கம்மாவ அனாதை மாதிரி அனுப்பச் சொல்றியா?"

"அப்ப எனக்கு?"

"வெண்கலம் கெடைக்கட்டும், பாக்கலாம். வியாபாரி படகு அடுத்த வருஷம் வந்தாலும் வரும், வராட்டியும் போகும்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழைய சாவி அவள் வயிற்றோடுதான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவளுக்கு வீடும் இல்லை, ஊரும் இல்லை. பாவி, பாவி என்று மனதுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஹூனா குழிக்குள் குதித்து அம்மாவின் இடுப்பில் சாவிகளைக் கட்டினான். நைந்த உடுப்பு, தேய்ந்த ஊசி, நடுவே ஒரு கீறல்கூட விழாத புதுச் சாவி. ஊர் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியது. வீட்டுக்காரி போகிறாள். மண் விழுந்தது.

மிச்சம் இருந்தது இரும்புச் சாவி. வெண்கலம் இல்லாத இடுப்பில் இரும்பைத் தொங்கவிட இந்த ஊர் ஒத்துக்கொள்ளாது. ஹூனா அவளையும் பார்த்தான், தங்கையையும் பார்த்தான். அந்த வீட்டில் வெண்கலம் தொங்கிய இடுப்பு இப்போது ஒன்றுதான்.

"நீயே வச்சிரு" என்று டுன்னேயிடம் நீட்டினான்.

டுன்னே அதை வாங்கித் தன் சாவிகளோடு கோத்துக்கொண்டாள். பெபா போட்ட அதே சாவிச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவள், வீட்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"காலையில கஞ்சிக்குப் பார்லி வேணுமே, அண்ணி? வந்து கேளு. எங்கம்மாகிட்ட கேப்பியே, அந்த மாதிரி நல்லாக் கேளு."

கோடா குனிந்து உள்ளே நுழைந்தாள். சாவியின் உடைந்த பல் அடிவயிற்றில் குத்தியது.